கோகு உருவத்தின் மூட்டசைவையும் தரத்தையும் வாங்கும் முன் எப்படி மதிப்பிடுவது?

அகல்வானம் (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். இதுவரை நான் சேர்த்தவை அனைத்தும் அசையாத பி.வி.சி. சிலைகள். மூட்டுகள் உள்ள ஆக்‌ஷன் ஃபிகர் ஒன்றை இப்போதுதான் முதன்முறையாக வாங்கப்போகிறேன். பண்டாய் நிறுவனத்தின் எஸ்.எச்.ஃபிகுவார்ட்ஸ் வரிசையில் வந்த, ஆரஞ்சு நிறப் பயிற்சியுடை அணிந்த, டிராகன் பால் கதையின் நாயகன் கோகு அது. கறுப்பு முடியோடு இருக்கும் வடிவம். முடி பொன்னிறமாகும் சூப்பர் சையன் வடிவம் அன்று. எங்கள் ஊரிலேயே சேகரிப்பாளர் ஒருவர் தம்மிடம் உள்ளதைக் கொடுக்க முன்வந்திருக்கிறார். பெட்டி பிரித்தது, சில காலம் அலமாரியில் நின்றது. பணம் கொடுப்பதற்கு முன் கையில் எடுத்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் பெருந்தன்மையுடன் சொல்லியிருக்கிறார்.

எதைப் பார்ப்பது என்பதில்தான் எனக்குத் தெளிவில்லை. சிலை என்றால் முகம், வண்ணம், தோரணை ஆகியவற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுவேன். மூட்டுள்ள உருவங்களைப் பற்றிய விமரிசனங்களோ மூட்டுகளின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டு, இரு கைகளையும் முன்னே நீட்டிய அதே கமேஹமேஹா (உள்ளங்கைகளிலிருந்து ஆற்றலைப் பாய்ச்சும் கோகுவின் தாக்குதல்) படத்தைக் காட்டி முடித்துவிடுகின்றன. எண்ணிக்கை கூடினால் தரமும் கூடியதாகக் கொள்ளலாமா? முழங்கை மடங்கும் இடத்தில் தெரியும் வட்டமான துண்டையும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே தெரியும் பிளவையும் குறையாக எண்ணுவதா, இவ்வகை உருவங்களின் இயல்பு என்று ஏற்பதா? மூட்டு எவ்வளவு இறுக்கமாக இருந்தால் நல்லது? அனுபவமுள்ளவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மூட்டாய்வன்

அகல்வானம் அவர்களுக்கு வணக்கம். மூட்டுகளின் எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதே இல்லை. ஒரு பாத்திரத்தை நாம் எந்தெந்த நிலைகளில் பார்த்துப் பழகியிருக்கிறோமோ அந்த நிலைகளுக்கு உருவம் போகிறதா, நாம் கையை எடுத்த பின்னும் அங்கேயே நிற்கிறதா, அப்படி நிற்கும்போதும் அது அந்தப் பாத்திரமாகவே தெரிகிறதா என்ற மூன்றுக்கும் விடை கிடைத்தால் மதிப்பீடு முடிந்தது. பத்து மூட்டுகள் கூடுதலாக இருந்தும், தோள் ஒன்று சரியாக அமையாததால் கமேஹமேஹாவுக்குக் கைகள் சேராத உருவங்கள் உண்டு.

கோகுவுக்கு நான் முதலில் வைக்கும் சோதனையும் கமேஹமேஹாதான். ஆனால் நீங்கள் படங்களில் பார்க்கும் கட்டம் அன்று. கைகளை முன்னே நீட்டுவது எளிது. அதற்கு முன், இரு உள்ளங்கைகளையும் இடுப்பின் ஒரு பக்கமாகக் குவித்து ஆற்றலைத் திரட்டுகிறானே, அந்தக் கட்டம்தான் கடினம். எதிர்ப்பக்கத்துக் கை வயிற்றைக் குறுக்காகக் கடந்து மறுபக்க இடுப்புக்கு வர வேண்டும். தோளில் வெறும் பந்துமூட்டு மட்டும் இருந்தால், கோகுவின் அகன்ற நெஞ்சுத் தசையே கையை மறித்துவிடும். நல்ல உருவத்தில் தோளின் அடிப்பகுதியே நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து முன்னால் இழுபட்டு வரும். சேகரிப்பாளர்கள் பட்டர்ஃபிளை மூட்டு என்று சொல்வது இதைத்தான். அதோடு இடுப்பும் மார்பும் தனித்தனியே திரும்பினால், இரு மணிக்கட்டுகளும் ஒன்றையொன்று தொடும் அளவுக்குக் கைகள் வந்து சேரும். விற்பவரின் அனுமதியுடன் இந்த நிலையை வைத்துப் பாருங்கள். குவிந்த கைகள் தனி ஜோடியாகப் பெட்டியில் இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பழைய உருவங்களில் இந்தச் சிறு கைகள்தான் முதலில் தொலைகின்றன.

அடுத்தது உடனடி இடமாற்றம், அதாவது கோகு நொடியில் வேறிடம் போகும் வித்தை: ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து நெற்றியில் வைக்கும் நிலை. ஒற்றைக் கீல் உள்ள முழங்கை ஏறத்தாழ செங்கோணத்தோடு நின்றுவிடும். விரல் நெற்றிக்கு வராது. இரட்டைக் கீல் இருந்தால் முன்கை மேற்கையை ஒட்டும் அளவுக்கு மடங்கும். மடக்கிய பின் முழங்கையைக் கண்ணருகே கொண்டுவந்து பாருங்கள். இரு கீல்களுக்கும் நடுவே உள்ள சிறு துண்டு இப்போது வெளியே தெரியும். அது முழங்கை எலும்பின் முனையைப் போலச் செதுக்கப்பட்டிருந்தால் கை இயல்பாக இருக்கும். தட்டையான வட்டாக இருந்தால் இயந்திரக் கை போலத் தோன்றும். நீங்கள் கேட்ட வட்டமான துண்டைப் பற்றிய என் கருத்து இதுதான்: அது தெரிவது குறையன்று, ஆனால் மடங்கிய நிலையில் அது உடலின் ஒரு பகுதியாகத் தெரிய வேண்டும். நெஞ்சின் பிளவையும் அப்படியே மதிப்பிடலாம். கோகுவின் மேலுடை தளர்ந்து மடிப்புகளோடு இருப்பது. பிளவை அந்த மடிப்பின் நிழலுக்குள் ஒளித்துவைக்கச் சிற்பிக்கு வாய்ப்பு உண்டு. நேராக நிற்கையில் மூடியிருந்து, உடலைப் பின்னால் வளைக்கும்போது மட்டும் திறக்கும் பிளவை நான் குறையாகக் கொள்வதில்லை.

பறக்கும் நிலையில் தலை எவ்வளவு நிமிர்கிறது என்பதைக் கவனியுங்கள். உடல் கிடைமட்டமாக இருக்க, முகம் முன்னோக்க வேண்டும். கோகுவின் பின்முடிக் கூர்கள் முதுகில் முட்டுவதால் தலைக்கு அடியில் உள்ள மூட்டு மட்டும் போதாது. கழுத்தின் அடியிலும் ஒரு மூட்டு இருந்து, கழுத்து முழுவதும் பின்னால் சாய்ந்தால்தான் பார்வை முன்னே போகும்.

கடைசியாகக் கால்கள். பெரும்பாலான விமரிசனங்கள் கை தோள்களோடு நின்றுவிடுகின்றன. என்னைப் பொறுத்தவரை உருவத்தின் தரம் கணுக்காலில்தான் வெளிப்படுகிறது. கால்களை நன்றாக அகட்டி, ஒரு முழங்காலை மடக்கி, சமமான மேசைமேல் நிறுத்துங்கள். பிறகு ஒரு மெல்லிய தாளை எடுத்துப் பாதத்தின் வெளிவிளிம்புக்கு அடியில் மெதுவாகச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் அந்தப் பாதம் உள்விளிம்பில் மட்டும் நிற்கிறது என்று பொருள். கணுக்கால் முன்பின்னாக மட்டும் அசைந்து, பக்கவாட்டில் சாயாதபோது இப்படி நேரும். அத்தகைய உருவம் அகலக் கால் ஊன்றும் எந்தச் சண்டை நிலையிலும் நெடுநேரம் நிற்காது. தொடை மேலே உயராமல் உடையின் கீழ்ப்பகுதி தடுத்தால் உடனே அழுத்தாதீர்கள். பல உருவங்களில் இடுப்பு மூட்டைச் சற்றுக் கீழே இழுத்துவிட்டால் தொடைக்குக் கூடுதல் இடம் கிடைக்கும்படி அமைத்திருப்பார்கள்.

இறுக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கையைக் கிடைமட்டமாக உயர்த்தி வைத்து, உடலைப் பிடித்து இலேசாக ஆட்டிப் பாருங்கள். கை தாழக் கூடாது. இறுக்கம் எவ்வளவு என்பதைவிட அது சீராக இருக்கிறதா என்பது முக்கியம். மெதுவாக மடக்கும்போது தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவு எதிர்ப்பு இருக்க வேண்டும். ஓரிடத்தில் சிக்கிப் பிறகு வெடுக்கென நகர்ந்தால் மூட்டுக்குள் வண்ணம் ஒட்டியிருக்கக்கூடும். அங்கே வலிந்து திருகினால் இரு துண்டுகளையும் இணைக்கும் முளை முறியும். இடது, வலது மூட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே தேய்மானம் எந்தப் பக்கம் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும்.

வண்ணத்தூரிகை

மூட்டாய்வன் அசைவை விரிவாகச் சொல்லிவிட்டதால், பொருளையும் வண்ணத்தையும் மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வகை உருவங்கள் ஒரே பிளாஸ்டிக்கால் ஆனவை அல்ல. முடி, உடை, விரல்கள் போன்ற நுண்செதுக்கு வேண்டிய பகுதிகள் மென்மையான பி.வி.சி.யில் வார்க்கப்படும், வடிவம் மாறாமல் இருக்க வேண்டிய பகுதிகளுக்குக் கடினமான ஏ.பி.எஸ்.; அடிக்கடி உராயும் மூட்டு முளைகளுக்குப் பல நிறுவனங்கள் பி.ஓ.எம். என்னும் வழுவழுப்பான, தேயாத பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துகின்றன. பி.ஓ.எம்.மில் வண்ணமும் ஒட்டாது, பசையும் ஒட்டாது. எனவே மூட்டுத் துண்டுகள் வார்க்கும்போதே அவற்றின் நிறத்தைச் சேர்த்துவிடுவார்கள். கோகுவின் கைகள் வெறுங்கைகள் என்பதால், மேற்கை, முழங்கைத் துண்டு, முன்கை மூன்றின் தோல் நிறமும் பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது அவசியம். விளக்கொளியில் மறைந்திருக்கும் வேறுபாடு சன்னலோரத்தில் உடனே தெரிந்துவிடும்.

முகத்தில் கண்களும் புருவங்களும் தூரிகையால் தீட்டப்படுவதில்லை; மெத்தென்ற அச்சுத்திண்டால் அச்சிடப்படுகின்றன. ஆகவே கறுப்புக் கோட்டின் விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், இரு விழிகளும் ஒரே புள்ளியை நோக்க வேண்டும். மாற்று முகங்கள் ஒவ்வொன்றையும் பொருத்தி, முன்முடியும் முகமும் சேரும் கோட்டில் இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். எனக்கு இந்த ஓரிடம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். நெற்றியில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் முகம் முகமூடியாகிவிடுகிறது.

பயன்படுத்திய உருவம் என்பதால் வண்ணக் கசிவையும் தேடுங்கள். உள்சட்டை, மணிக்கட்டுப் பட்டை, இடைக்கச்சை ஆகியவை கருநீலம். அடர்நிற பி.வி.சி. வெளிர்நிறப் பகுதியோடு நெடுநாள் ஒட்டியிருந்தால் நிறம் ஊறி இறங்கும், தேய்த்தாலும் போகாது. அக்குளின் உட்பக்கம், கழுத்தின் அடி, கைகள் இடுப்பைத் தொடும் இடம் ஆகியவற்றைக் கைகளை உயர்த்திப் பாருங்கள். உடல் முழுவதும் பிசுபிசுப்பாக இருந்தால் அஞ்ச வேண்டாம். பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல வெளியேறி மேலே படிவதால் அது வருகிறது. நம் ஊர் வெப்பத்தில், காற்றோட்டமில்லாத பெட்டியில் மூடிவைத்தால் விரைவாகவே வரும். மென்சோப்புக் கரைசலும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவி நிழலில் உலர்த்தினால் போய்விடும். வெயில் பட்டு மஞ்சளித்த பிளாஸ்டிக்கை அப்படி மீட்க முடியாது.

போலியைப் பற்றியும் ஒரு சொல். கோகு போன்ற புகழ்பெற்ற பாத்திரங்களுக்குப் போலிகள் ஏராளம். ஜப்பானியச் சந்தைக்கான பெட்டியில் டோயெய் அனிமேஷன் உரிம முத்திரை ஒட்டியிருக்கும். ஆனால் முத்திரையையும் போலியாக அச்சிடுகிறார்கள், ஆதலால் அதை மட்டும் நம்பாதீர்கள். உருவத்தின் மேல் பொறித்திருக்கும் பதிப்புரிமை எழுத்துகளை உருப்பெருக்கியில் பாருங்கள். அசலில் எழுத்துகளின் முனைகள் கூர்மையாக இருக்கும், அசலிலிருந்து அச்செடுத்து வார்த்த போலியில் அவை மழுங்கியிருக்கும். தோல் எண்ணெய் தடவியது போலப் பளபளத்தாலும், இடது வலது மூட்டுகளின் இறுக்கம் பெரிதும் வேறுபட்டாலும் ஐயப்படுங்கள்.

கல்நாரை

இருவர் சொன்னதும் பயனுள்ளது. ஆயினும் மூட்டாய்வனின் அளவுகோலில் எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. உருவம் தன் ஆயுளின் பெரும்பகுதியை அலமாரியில் ஏதோ ஓர் எளிய நிலையில் நின்றுதான் கழிக்கிறது. எனவே கைகளைத் தொங்கவிட்டு நேராக நிற்கையில் தோள், இடுப்பு, கால் ஆகியவற்றின் அளவுகள் பொருந்துகின்றனவா, உடலின் கோடு அறுபடாமல் ஓடுகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அசைவின் வீச்சுக்காகத் தோளைக் குடைந்து, இடுப்பைக் குறுக்கி, நேர்நிலையில் பார்க்க முடியாதபடி செய்துவிட்ட உருவங்களை நான் விரும்புவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு ஒவ்வொரு வரிசையும் வெவ்வேறு விடை கண்டிருக்கிறது. 2006-ல் காயோடோ நிறுவனம் தொடங்கிய ரிவோல்டெக் வரிசை, படிப்படியாகச் சொடுக்கி நகரும் பந்துமூட்டைக் கொண்டு வந்தது. கனமான கையும் தாழாமல் நிற்கும். ஆனால் இரு படிகளுக்கு நடுவே உள்ள கோணம் கிடைக்காது, மூட்டின் உருண்டையும் வெளியே தெரியும். அவ்வரிசைக்குப் பெயர் வாங்கித் தந்த சிற்பி யமகுச்சி கட்சுஹிசாவின் உருவங்கள் பாயும் நிலைக்காகவே செதுக்கப்பட்டவை. சும்மா நிற்கவைத்தால் அவற்றின் உடலமைப்பு சற்று விசித்திரமாகத் தோன்றும். 2008-ல் மேக்ஸ் ஃபேக்டரி நிறுவனத்தின் ஃபிக்மா வரிசை வந்தபோது நாட்டம் எதிர்த்திசைக்குப் போயிற்று: மூட்டைச் சிறிதாக்கி, மென்மையான பிளாஸ்டிக்குக்குள் மறைத்து, நேர்நிலையில் சிலையைப் போலத் தோன்றச் செய்வது. மெல்லிய உடல் கொண்ட பெண் பாத்திரங்களுக்கு அது மிகவும் பொருந்தியது. பண்டாயின் ஃபிகுவார்ட்ஸும் அதே 2008-ல் கமென் ரைடர் என்னும் ஜப்பானியத் தொலைக்காட்சி நாயகர்களின் உருவங்களோடு தொடங்கியது. டிராகன் பால் பாத்திரங்கள் பின்னர் சேர்ந்தவை. முதலில் வந்த கோகுக்களையும் பிற்பாடு வந்தவற்றையும் அருகருகே வைத்தால், நேர்நிலையின் அழகையும் அசைவின் வீச்சையும் ஒரே உடலில் கொண்டுவர அவர்கள் உடலை மீண்டும் மீண்டும் வார்த்திருப்பது தெரியும். ஆகவே நீங்கள் வாங்கப்போவது எந்தப் பதிப்பு என்பதைப் பெட்டியைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே பாத்திரம், ஒரே உடை என்பதற்காக ஒரே உடல் என்று கருத வேண்டாம்.

இன்னொன்று: ஃபிக்மாவில் உருவத்தைத் தூக்கிப் பிடிக்கும் தாங்கி உடன் வரும், ஃபிகுவார்ட்ஸில் பெரும்பாலும் தனியாகத்தான் வாங்க வேண்டும். பறக்கும் நிலை வேண்டுமானால் அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

அகல்வானம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை அவர் வீட்டுக்குச் சென்று, நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இடுப்பருகே கைகள் குவியும் கமேஹமேஹா நிலை வந்தது. மணிக்கட்டுகள் முழுமையாக ஒட்டவில்லை, ஆனால் குவிந்த கைகளின் விரல் நுனிகள் தொட்டன. இடமாற்ற நிலையில் விரல் நெற்றியைத் தொட்டது. தலையைச் சற்றுத் தாழ்த்த வேண்டியிருந்தது; அது கவனத்தைக் குவிக்கும் தோற்றத்தைத் தந்ததால் எனக்குப் பிடித்தே போயிற்று. முன்முடி இடைவெளியின்றிப் பொருந்தியது, எழுத்துகள் கூர்மையாக இருந்தன. கல்நாரை சொன்னபடி நேராக நிறுத்தியும் பார்த்தேன். நெஞ்சின் பிளவு மேலுடையின் மடிப்பில் மறைந்துவிட்டது.

குறைகள் மூன்று. இடது கணுக்கால் தளர்ந்திருக்கிறது: தாள் சோதனையில் பாதம் நன்றாகப் படிந்தது, ஆனால் சற்று நேரத்தில் உருவம் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வலது மணிக்கட்டு மிக இறுக்கமாக இருந்ததால் கையை மாற்ற நான் துணியவில்லை. இடது அக்குளின் உட்பக்கத்தில் கருநீலக் கறை கடுகளவு இருக்கிறது. இவற்றை வைத்து விலையைக் குறைத்துக் கேட்பதா, வேண்டாம் என்று விட்டுவிடுவதா?

மூட்டாய்வன்

வாங்கலாம் என்பதே என் கருத்து. கமேஹமேஹாவில் நீங்கள் கண்டது போதுமானது. விரல் நுனிகள் சேர்ந்தாலே பார்ப்பவர் கண்ணுக்கு அந்த நிலை முழுமையாகிவிடும். குறைகளில் முதல் இரண்டும் வீட்டிலேயே சரிசெய்யக்கூடியவை.

இறுகிய மணிக்கட்டைக் கை பொறுக்கும் சூடுள்ள நீரில் சிறிது நேரம் அமிழ்த்தி வையுங்கள், அல்லது முடி உலர்த்தியின் சூடான காற்றைச் சற்றுத் தள்ளிப் பிடித்துக் காட்டுங்கள். கொதிநீர் வேண்டாம், வடிவம் கோணிவிடும். பி.வி.சி. இளகியதும் கையைத் திருகாமல், முளையின் போக்கிலேயே நேராக இழுத்தால் வந்துவிடும். குளிர்ந்த நிலையில் திருகுவதால்தான் மணிக்கட்டு முளைகள் முறிகின்றன. உயவு தேவைப்பட்டால் சிலிக்கோன் எண்ணெய் ஒரு துளி போதும். பெட்ரோலிய வகை எண்ணெய்களைத் தொடவே வேண்டாம்; அவை ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் வெடிப்பை உண்டாக்கும்.

தளர்ந்த கணுக்காலுக்கு, பாதத்தைக் கழற்ற முடிந்தால் கழற்றி, பந்தின் மேல் நிறமற்ற அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய பூச்சாகத் தடவி, முழுதும் உலர்ந்த பிறகு மாட்டுங்கள். போதவில்லை என்றால் இன்னொரு பூச்சு. விரைவாக முடிக்க எண்ணி உடனடிப் பசையை மூட்டுக்குள் விடுபவர்கள் உண்டு. அது பிடித்துக்கொண்டால் கணுக்கால் நிரந்தரமாக உறைந்துவிடும், அதனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வண்ணத்தூரிகை

கறையைப் பற்றி: அது ஊறிய நிறம், எனவே போகாது. கரைப்பான் எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள், தோல் வண்ணம்தான் உரியும். கை தொங்கும்போது மறையும் இடம் என்பதால் அதற்காக மட்டும் இந்த உருவத்தை விட வேண்டியதில்லை. விலையில் சிறிது குறைத்துக் கேட்பது நியாயமே. மூட்டு வேலையெல்லாம் முடிந்து அலமாரியில் நிறுத்தும்போது இடது கை உடலை ஒட்டாத நிலையாகத் தேர்ந்தெடுங்கள், அவ்வப்போது நிலையை மாற்றுங்கள், நேர்வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவரிடம் மாற்று முகங்களும் கைகளும் வைக்கும் தட்டை மறக்காமல் கேட்டு வாங்கிவிடுங்கள். குவிந்த கைகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க அதைவிடப் பொருத்தமான இடம் வேறு கிடைக்காது.